புகையானும் காட்டு நெல்லும் கரு மீட்பும்

புகையான் தாக்கிய வயலைப் பார்த்தவர்களுக்கு அதன் வேகம் தெரியும். தூரின் அடியில் கூட்டமாக அமர்ந்து சாறு உறிஞ்சும் இந்தப் பூச்சியால், பச்சையாக நின்ற பயிர் சில நாட்களிலேயே வட்ட வட்டமாகக் காய்ந்து சாய்ந்துவிடுகிறது. எதிர்ப்புத் திறனுள்ள ரகங்களையும் புகையான் காலப்போக்கில் தாக்கப் பழகிவிடுவதால், புதிய எதிர்ப்பு மரபணுக்களுக்காகக் காட்டு நெல்லினங்களை நாட வேண்டியிருக்கிறது. அவற்றுள் ஒன்று ஒரைசா அஃபிசினாலிஸ்.

சாகுபடி நெல்லைப் போலவே இதற்கும் 24 குரோமோசோம்கள்தாம். ஆனால் இரண்டும் வெவ்வேறு மரபணுத் தொகுதியைச் சேர்ந்தவை. இவற்றைக் கலந்தால் சில பூக்களில் கருவுறுதல் நிகழ்கிறது, மணியும் சற்றுப் பருக்கிறது. அதன் பிறகு கருவுக்கு உணவூட்டும் கருவூண் திசு சிதைந்துவிட, உயிருள்ள கரு உணவின்றி மடிகிறது. ஜெர்மானியத் தாவரவியலாளர் ஃப்ரீட்ரிஷ் லைபாக் 1925-இல் ஆளிச் செடிகளில் காட்டியது இதைத்தான்: சுருங்கிப்போன கலப்பின விதையிலிருந்து கருவைப் பிரித்தெடுத்துச் சர்க்கரைக் கரைசல் கொடுத்தபோது அது செடியாக வளர்ந்தது. இப்படிக் கருவைப் பிரித்தெடுத்து வளர்க்கும் கரு மீட்பு முழுவதும் நிற்பது இந்த ஓர் உண்மையின் மீதுதான்.

நெல்லில் மகரந்தச் சேர்க்கை முடிந்து ஏறக்குறைய 10 முதல் 14 நாட்களில் மணிகளைப் பறிக்கிறோம். முந்தினால் கரு தானாக வளரும் பக்குவத்தை எட்டியிராது. பிந்தினால் உள்ளேயே இறந்திருக்கும். உமி நீக்கிக் கிருமி நீக்கம் செய்த மணியை நுண்ணோக்கியின் கீழ் வைத்து ஊசியால் மெல்லக் கீறினால், மாவு இருக்க வேண்டிய இடத்தில் கலங்கிய நீர் கசியும். மணியின் அடிமுனையில், ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத வெண்ணிறக் கரு ஒட்டியிருக்கும். அதை நசுக்காமல் எடுத்து, உப்புகளும் சர்க்கரையும் சேர்ந்த அகார் ஊடகத்தில் வைத்து, முளைக்கும்வரை இருட்டிலும் பிறகு வெளிச்சத்திலும் வளர்க்கிறோம். எந்தக் கருவி வந்தாலும் இந்த இடத்தில் கைப்பழக்கத்துக்கு மாற்றில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

முளைத்துவிட்டால் வேலை முடிந்ததாகாது. முதல் தலைமுறைக் கலப்பினத்தின் மகரந்தம் மலடு என்பதால் அதைச் சாகுபடி நெல்லோடு மீண்டும் கலக்க வேண்டும். அந்தக் கலப்பில் உருவாகும் கருவையும் இப்படியே மீட்க வேண்டும். அதிலிருந்து வரும் செடிக்கு 36 குரோமோசோம்கள் இருக்கும். இப்படிச் சாகுபடி நெல்லோடு மேலும் பிற்கலப்பு செய்யும்போதுதான், காட்டு நெல்லின் சிறு துண்டை மட்டும் ஏற்ற 24 குரோமோசோம் செடிகள் கிடைக்கின்றன. பிலிப்பைன்ஸின் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில் ஜெனாவும் குர்தேவ் குஷும் இவ்வழியில் அஃபிசினாலிஸின் எதிர்ப்புத் திறனைச் சாகுபடி நெல்லுக்குக் கொண்டுவந்ததை 1990-இல் வெளியிட்டார்கள். அந்த வழித்தோன்றல்களுள் சில வியட்நாமில் ரகங்களாகவும் வெளியிடப்பட்டன.

மரபணுத் திருத்தம் வந்த பிறகும் இது தேவையா என்று மாணவர்கள் கேட்பதுண்டு. எந்த மரபணு என்று தெரிந்த பிறகுதான் அதைத் திருத்த முடியும். காட்டு நெல்லில் இன்னும் அடையாளம் காணப்படாமல் இருப்பதை எடுத்துவரக் கலப்புதான் வழி, கலப்பு நிலைக்கக் கரு பிழைத்தாக வேண்டும்.

கிடைத்த வழித்தோன்றல்கள் கடைசியில் புகையானிடமே சோதனைக்குப் போகின்றன. எளிதில் தாக்கப்படும் டி.என்.1 ரகத்தின் நாற்றுகளையும் அதே தட்டில் விதைத்துப் பூச்சிகளை விடுகிறோம். டி.என்.1 ஏறக்குறைய முழுவதும் காய்ந்த பிறகு, மற்ற வரிசைகளுக்கு 0 (சேதமில்லை) முதல் 9 (செடி மடிந்தது) வரை மதிப்பெண் இடுகிறோம்.