மதம் என்ற கட்டத்தில் என்ன போடட்டும்?

மே, ஜூன் மாதங்களில் கன்னியாகுமரி மாவட்டத்தில், கேரள எல்லையை ஒட்டிய களியக்காவிளைப் பக்கம் இ-சேவை மையத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு மதியச் சாப்பாடு நாலு மணிக்குத்தான். பள்ளி, கல்லூரி சேர்க்கைக்காகச் சாதிச் சான்றிதழ் கேட்டு வருகிற கூட்டம் அப்படி. ரேஷன் கார்டு, ஆதார், டி.சி., பெற்றோரின் பழைய சான்றிதழ் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஏற்றினால் வி.ஏ.ஓ., ஆர்.ஐ. என்று மேலே போகும். தட்டச்சு தெரிந்த யாரும் செய்யலாம். ஆனால் நடுவில் மதம் என்று ஒரு கட்டம் வருகிறதே, அங்கேதான் எங்கள் விளவங்கோடு தாலுகாக் குடும்பங்கள் பலவும் கொஞ்சம் தயங்கி நிற்கின்றன.

ஒரு முறை வயதான அம்மா ஒருவர் பேரனையும் பேத்தியையும் கூட்டிக்கொண்டு வந்தார். பேரன் டி.சி.யில் இந்து, பேத்தி டி.சி.யில் கிறிஸ்தவர். ஒரே அப்பா, ஒரே அம்மா. பையனைப் பள்ளியில் சேர்த்தது தாத்தா, பெண்ணைச் சேர்த்தது மருமகள், அதனால் வந்த வித்தியாசம். "மதம் என்ன போடட்டும் அம்மா?" என்று கேட்டேன். "எனக்க வீட்டுல எல்லாம் உண்டு மக்களே. நான் சி.எஸ்.ஐ., இதுகளுக்க தாத்தா சாவுற வரைக்கும் அம்பலத்துக்குத்தான் போனாரு, மொவன் ரெண்டுக்கும் போவான், மருமவ பெந்தேகோஸ்து. சோலி எப்படி நடக்குமோ அப்படிப் போடு" என்றார். அவர்கள் நாடார் குடும்பம். தமிழ்நாட்டில் இந்து நாடாரும் கிறிஸ்தவ நாடாரும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில்தான் இருக்கிறார்கள். இட ஒதுக்கீட்டில் ஒன்றும் கூடிக் குறையப்போவதில்லை. இருந்தாலும் அண்ணனுக்கு ஒன்று தங்கைக்கு ஒன்று என்று போனால் விண்ணப்பம் திரும்பி வந்துவிடும். அப்பாவின் சான்றிதழில் இருப்பதை இருவருக்கும் போடலாம், பேத்தி டி.சி.யைத் திருத்தி வாங்குங்கள் என்றேன். அந்தப் பெண் உடனே கேட்டாள்: "அப்போ நான் கொயர்ல பாடக்கூடாதா அண்ணா?" தாராளமாகப் பாடலாம் என்று சொன்னேன். ஒரு பிள்ளைக்கு அப்படி ஒரு பயம் வரும்படி நம் காகிதங்கள் இருக்கின்றன என்பது இன்றைக்கும் எனக்கு வருத்தம்தான்.

நவீன வாழ்க்கை வர வர மதம் மங்கிவிடும் என்று சமூகவியலில் ஒரு காலத்தில் அழுத்தமாகச் சொன்னார்கள். அதைச் சொன்னவர்களில் முக்கியமானவரான பீட்டர் பெர்கர், 1990களில் தன் கருத்தையே மாற்றிக்கொண்டார். நவீனம் மதத்தை ஒழிப்பதில்லை, பல நம்பிக்கைகளை ஒரே தெருவில் பக்கத்தில் பக்கத்தில் கொண்டுவந்து வைக்கிறது என்பது அவர் பிற்பாடு வந்து சேர்ந்த இடம். எங்கள் ஊரில் தெரு வரைக்கும் போக வேண்டாம், ஒரு அடுக்களைக்குள்ளேயே அது நடக்கிறது. கிறிஸ்துமஸுக்குச் சுட்ட முந்திரிக்கொத்தையே கோயில் கொடைக்கும் சுடுகிறார்கள்.

கன்னியாகுமரி மாவட்டத்தைப் பற்றிப் பேசுகிற எல்லோரும் 2011 கணக்கெடுப்பைத்தான் எடுத்துக்கொள்வார்கள். இந்துக்கள் 48.65 சதவீதம், கிறிஸ்தவர்கள் 46.85, முஸ்லிம்கள் 4.2. எண்கள் சரிதான். ஆனால் இதைப் படிக்கிறவருக்கு இரண்டு பெரிய கூட்டம் எதிரெதிரே நிற்பது மாதிரி தோன்றிவிடுகிறது. அந்த அம்மாவின் வீட்டை இதில் எங்கே வைப்பது? சாமித்தோப்பு அய்யா வைகுண்டர் வழியில், நிழல்தாங்கல் என்கிற வழிபாட்டு இடத்தில் கண்ணாடி முன் நின்று கும்பிடுகிறவர்களை எங்கே வைப்பது? எங்களுடையது தனி வழி என்று சொல்கிறவர்கள் அவர்களில் உண்டு. விண்ணப்பத்தில் அதற்கு இடமில்லாததால் இந்து என்றே போகிறது.

எல்லைக்கு அந்தப் பக்கம் பாறசாலையில் கதை இன்னும் விசித்திரம். எஸ்.ஐ.யு.சி. நாடார் என்று கேரளத்தில் ஒரு பிரிவு உண்டு. அந்த எஸ்.ஐ.யு.சி., அதாவது தென்னிந்திய ஐக்கிய சபை, 1947-லேயே சி.எஸ்.ஐ. என்ற தென்னிந்தியத் திருச்சபையில் சேர்ந்துவிட்டது. சபை போய் இத்தனை வருஷம் ஆகியும் சான்றிதழில் அதன் பெயர் இருக்கிறது. மற்ற சபைகளைச் சேர்ந்த கிறிஸ்தவ நாடார்களை இதர பிற்படுத்தப்பட்டோராகச் சேர்க்கக் கேரள அரசு முடிவெடுத்தது 2021-ல்தான். 1956 நவம்பர் 1 வரைக்கும் ஒரே ராஜ்யமாக இருந்த ஊர்கள் இவை. அண்ணன் தம்பி மக்கள் இந்தப் பக்கம் ஒன்றாகவும் அந்தப் பக்கம் வேறாகவும் எழுதப்படுகிறார்கள்.

நாடார் வீடுகளில் இது குழப்பத்தோடு முடிந்துவிடும். பட்டியல் சாதிக் குடும்பங்களுக்கு அப்படி இல்லை. 1950-ம் வருட ஆணைப்படி இந்துக்களுக்கு மட்டும்தான் அந்தத் தகுதி. பிறகு 1956-ல் சீக்கியர்களையும் 1990-ல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர் என்று எழுதினால் தமிழ்நாட்டில் பி.சி., அதாவது பிற்படுத்தப்பட்டோர், ஆகிவிடும். அதனால் ஞாயிற்றுக்கிழமை எங்கே போகிறோம் என்பதை என் மேஜை முன் சொல்லத் தயங்கி, கையிலிருக்கும் வேதாகமத்தைப் பைக்குள் வைக்கிற ஆட்களைப் பார்த்திருக்கிறேன். இவர்களைப் பொய் சொல்கிறவர்கள் என்று பேசுவது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது. ஞானஸ்நானம் எடுத்தால் ஊரில் யாரும் அவர்கள் சாதியை மறந்துவிடுவதில்லை. தீண்டாமை மாறாமல் இருக்கும்போது உரிமையை மட்டும் பிடுங்கிக்கொள்வது அநியாயம் என்பதுதான் என் கருத்து.

இதையெல்லாம் நான் இவ்வளவு பொருட்படுத்தக் காரணம் இருக்கிறது. 1982-ல் இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இடையே மண்டைக்காடு கலவரம் நடந்த சமயத்தை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். அதுவரை மாமன், மச்சான் என்று பழகியவர்கள் திடீரென்று நீ எந்தப் பக்கம் என்று கேட்கத் தொடங்கினார்களாம். இரண்டு பக்கமும் சொந்தம் இருக்கிற வீட்டுக்காரன் அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வான்?

அடுத்த கணக்கெடுப்பு 2027-ல் வருகிறது, சாதியும் சேர்த்துக் கேட்கப் போகிறார்கள். எங்கள் பக்கம் கணக்கெடுக்க வருகிற ஆசிரியர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. திண்ணையில் இருக்கும் ஆம்பளையிடம் மட்டும் மதத்தைக் கேட்டு வீட்டில் எல்லோருக்கும் அதையே எழுதிவிட்டுப் போகாதீர்கள். உள்ளே போய் மருமகளிடமும் மாமியாரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள், கொஞ்சம் நேரமானாலும் பரவாயில்லை.