தீக்கோழிக் கால் தோலும் 4113ஆம் தலைப்பும்

தோல் பொருள் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் கொள்முதல் பிரிவில் வேலை செய்கிறேன். பெல்ட்டும் பர்ஸும் செய்வதற்காகத் தென்னாப்பிரிக்காவிலிருந்து தீக்கோழியின் கால் தோலை விமானச் சரக்காகச் சென்னைக்கு வரவழைத்தோம். சாயமேற்றி, மெருகூட்டி முடித்த தோல். அது சுங்கத்தில் நின்றுபோனது. இதே சரக்கைக் கொண்டுவர நினைப்பவர்களுக்கு உதவும் என்பதால் நடந்ததை எழுதுகிறேன்.

தீக்கோழியின் உடல் தோலில் இறகு முளைத்த இடங்கள் புள்ளி புள்ளியாகப் புடைத்திருக்கும். பார்த்த மாத்திரத்தில் அடையாளம் தெரிந்துவிடும். கால் தோல் அப்படியல்ல. நடுவில் பெரிய செதில்கள் வரிசையாக இறங்கும், இருபுறமும் பொடிச் செதில்கள் பரவியிருக்கும். பறவையின் கால் என்று யாராவது சொல்லாவிட்டால் உடும்பு என்றுதான் நினைக்கத் தோன்றும். விற்றவர் அனுப்பிய இன்வாய்ஸில் 'எக்ஸாடிக் லெதர், லெக் ஸ்கின்' (அரிய வகைத் தோல், கால் தோல்) என்பதோடு விவரம் முடிந்துவிட்டது.

சுங்கக் கட்டணப் பட்டியலின் 41ஆம் அத்தியாயத்தில் எக்ஸாடிக் என்றொரு வகையே கிடையாது. அது கேட்பது இரண்டே கேள்விகள்: எந்த விலங்கு, எந்த அளவுக்குப் பதப்படுத்தியது? மாடு, குதிரை இனங்களின் முடித்த தோலுக்குத் தலைப்பு எண் 4107, செம்மறியாட்டுக்கு 4112. மற்ற விலங்குகள் எல்லாம் 4113. அதற்குள் வெள்ளாடு 4113 10, பன்றி 4113 20, ஊர்வன 4113 30. இவற்றில் சேராதவை 4113 90. தீக்கோழிக்கென்று தனி இடம் இல்லாததால் அது இந்தக் கடைசி வரிக்கு வருகிறது. எங்கள் கஸ்டம்ஸ் புரோக்கரும் பில் ஆஃப் என்ட்ரி என்ற இறக்குமதிப் படிவத்தில் அதையே போட்டிருந்தார்.

சுங்க அதிகாரியிடமிருந்து முதலில் வந்த கேள்வி (குவெரி), இது 'கிரஸ்ட்' தோலா, முடித்த தோலா என்பது. கிரஸ்ட் என்பது பதனிட்டு உலர்த்தியதோடு நிற்கும், இறுதி வேலை முடியாத தோல்; அப்படியானால் 4106க்குப் போய்விடும். சாயம் ஏறியிருப்பதால் மட்டுமே தோல் முடிந்ததாகிவிடாது. உலர்த்துவதற்கு முன் தொட்டியிலேயே மறுபதனம் செய்ததும், சாயம் ஏற்றியதும், எண்ணெய் ஊட்டியதும் கிரஸ்ட்தான் என்று அந்த அத்தியாயத்தின் இரண்டாம் குறிப்பு தெளிவாகச் சொல்கிறது. எங்கள் தோலில் உலர்த்திய பிறகு பூச்சு கொடுத்து, கிளேசிங் என்ற பளபளப்பேற்றலும் செய்திருந்தார்கள். பதனிடும் ஆலையிடமிருந்து வேலை வரிசையை எழுதி வாங்கிக் கொடுத்தோம். அந்தக் கேள்வி அதோடு தீர்ந்தது.

அடுத்த குவெரிதான் தூக்கத்தைக் கெடுத்தது: செதில் இருக்கிறதே, இது ஏன் 4113 30 ஆகக் கூடாது? அந்த எண் வெறும் வரி விஷயமாக நிற்காது. 2017 ஜனவரியில் மத்திய அரசு ஊர்வனத் தோல் இறக்குமதிக்குத் தடை விதித்தது. அதற்கு மேல், அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தமும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கின்றன. ஊர்வன என்று முடிவானால் சரக்கு எங்கள் கைக்கு வராது. அதிகாரியின் சந்தேகத்தில் நியாயம் இருந்தது என்றே சொல்வேன். முதலை, மலைப்பாம்பு, உடும்புத் தோல்களை வேறு பெயரில் கடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். முகமறியா மதிப்பீட்டு முறையில் அவர் வேறொரு ஊரில் உட்கார்ந்து காகிதத்தை மட்டும் பார்க்கிறார். காகிதம் பேசாவிட்டால் அவர் என்ன செய்வார்?

சரக்கைத் திறந்து பார்க்க உத்தரவானது. மாதிரி எடுத்து அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அனுப்பினார்கள். செதில்களின் அமைப்பும், நுண்ணோக்கியில் தெரியும் இழைப் பின்னலும் விலங்குக்கு விலங்கு மாறும். முதலைத் தோலில் ஒவ்வொரு செதிலிலும் ஊசிமுனை போன்ற ஒரு புள்ளி இருக்கும் என்பதை நானும் அந்த நாட்களில்தான் தெரிந்துகொண்டேன். அறிக்கை வரும்வரை கிடங்கு வாடகை ஏறிக்கொண்டே இருந்தது. வாங்குபவரின் கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. தையல் பிரிவில் வேலைக்குச் சொல்லி வைத்திருந்தவர்களிடம் நான் என்ன சொல்வது?

அந்த இடைவெளியில் இன்னொரு காகிதத்தையும் சேர்த்தோம். தீக்கோழியே சைட்டிஸ் முதல் பட்டியலில் இருக்கிறதே என்று கேள்வி வரலாம். மாலி, நைஜர், சாட், சூடான், மொராக்கோ முதலிய நாடுகளின் தீக்கோழிகள்தான் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. தென்னாப்பிரிக்கப் பண்ணைப் பறவைகள் அதில் இல்லை. ஆகவே பிறந்த நாட்டுச் சான்றும், அந்நாட்டுக் கால்நடை மருத்துவத் துறையின் சான்றும், ஸ்ட்ருதியோ கேமலஸ் என்ற அறிவியல் பெயர் போட்ட பேக்கிங் லிஸ்ட்டும் ஒன்றாகச் சுங்கத் துறையின் ஐஸ்கேட் இணையதளத்தில் ஏறின. ஆய்வறிக்கை பறவைத் தோல் என்று சொன்னதும் 4113 90 ஏற்கப்பட்டது. அபராதம் இல்லை.

இப்போது ஆர்டர் போடும்போதே இன்வாய்ஸ் வாசகத்தை நான் எழுதி அனுப்பிவிடுகிறேன்: பறவையின் பெயர், அறிவியல் பெயர், உடலின் எந்தப் பகுதி, உலர்த்திய பின் செய்த வேலை, பண்ணை இருக்கும் நாடு. செதிலின் நெருக்கமான படங்களும் கூடவே வரவேண்டும். தொடர்ந்து இறக்குமதி செய்பவர்கள் டெல்லியிலும் மும்பையிலும் உள்ள முன்தீர்ப்பு ஆணையத்திடம் வகைப்பாட்டை முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொள்ளலாம். கிடங்கு வாடகையோடு ஒப்பிட்டால் அந்தச் செலவு எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

தங்க நிறத் தகடு ஒட்டிய தீக்கோழித் தோல் வேண்டும் என்று ஒரு வாடிக்கையாளர் இப்போது கேட்டிருக்கிறார். உலோகப் பூச்சுள்ள தோல் எந்த விலங்குடையதானாலும் 4113ஐ விட்டு 4114 20க்குப் போய்விடும். அதற்கான விவரங்களை ஆலையிடம் கேட்டு எழுதியிருக்கிறேன்.