கடல் வற்றினால்தான் விமானம் இறங்கும்: பாரா தீவுக்கு ஒரு பணிப் பயணம்

ஸ்காட்லாந்துக்கு மேற்கே, அவுட்டர் ஹெப்ரிடீஸ் தீவுக்கூட்டத்தின் தெற்குப் பகுதியில் பாரா தீவு இருக்கிறது. ஏறத்தாழ 1,200 பேர் வாழும் அந்தத் தீவிலுள்ள சிறு மருத்துவமனையின் கருவிகளைச் சோதித்துச் சான்று ஒட்டுவதற்காகக் கடந்த மார்ச் மாதம் கிளாஸ்கோவிலிருந்து விமானத்தில் சென்று வந்தேன். மருத்துவக் கருவிப் பராமரிப்பு என் தொழில். எத்தனையோ மருத்துவமனைகளுக்குப் போயிருந்தாலும், பயண நாளைக் குறிப்பதற்கு முன், கடல் ஏறி வற்றும் நேரங்களைக் காட்டும் ஓத அட்டவணையைப் பார்க்க நேர்ந்தது இதுவே முதல் முறை.

காரணம், பாராவில் விமானம் இறங்குவது டிராய் வோர் என்னும் கடற்கரை மணலில். 1936இல் திறக்கப்பட்ட அந்த விமான நிலையத்தில் மூன்று ஓடுபாதைகள் முக்கோண வடிவில் அமைந்துள்ளன. காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தாலும் அதை எதிர்கொண்டு இறங்குவதற்கு ஏதுவாக அப்படி வகுத்திருக்கிறார்கள். ஓடுபாதையின் முனைகளை மரக்கம்பங்கள் காட்டுகின்றன. கடல் ஏறும்போது மூன்றும் நீருக்குள் போய்விடும். ஓதம் நாளொன்றுக்குச் சுமார் 50 நிமிடம் பிந்தி வருவதால், திங்கட்கிழமை விமானம் வந்த நேரத்துக்கே வியாழக்கிழமையும் வரும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆகவே மருத்துவமனைப் பொறுப்புச் செவிலியரிடம் தொலைபேசியில் பேசி, எந்தெந்தக் கருவியை எப்போது பயன்பாட்டிலிருந்து விடுவிக்க முடியும் என்று கேட்டறிந்து, அதை விமான நேரத்தோடு பொருத்திய பிறகுதான் பயணச்சீட்டு எடுத்தேன்.

அடுத்த வேலை சுமையைப் பிரிப்பது. இந்த வழித்தடத்தில் பறக்கும் ட்வின் ஓட்டர் 19 இருக்கைகள் கொண்ட சிறு விமானம். அதில் எடைக் கணக்கு மிகக் கண்டிப்பானது. மின்பாதுகாப்புச் சோதனைக் கருவியையும் இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் டிஃபிப்ரிலேட்டரைச் சோதிக்கும் அனலைசரையும் என்னோடு வைத்துக்கொண்டேன். அழுத்தமேற்றிய வாயுக் குடுவையையும், மாற்ற வேண்டியிருக்கலாம் என்று எடுத்து வைத்த பெரிய லித்தியம் மின்கலங்களையும் அப்படிக் கொண்டுபோக முடியாது என்பதால், முறையான ஆபத்துப் பொருள் ஒட்டுகளோடு பெட்டியிலிட்டு, ஓபன் துறைமுகத்திலிருந்து ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஓடும் கப்பலில் நான்கு நாள் முன்னதாகவே அனுப்பினேன். நான்கு நாள் தாராளம் என்றே நினைத்தேன்.

பயணம் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். விமானத்தில் பணிப்பெண் இல்லை, கழிப்பறையும் இல்லை. துணை விமானி தம் இருக்கையிலிருந்து திரும்பிப் பார்த்துப் பாதுகாப்பு விதிகளைச் சொன்னார். இரண்டாம் வரிசையில் இருந்ததால் விமானிகளின் தோள்களுக்கு இடையே முன்கண்ணாடி வழியாக எல்லாமே தெரிந்தது: முதலில் சாம்பல் நிறக் கடல், பிறகு வெண்மணல், அந்த மணலில் கண்ணாடித் தகடுபோல் தேங்கியிருந்த நீர். சக்கரம் தொட்டபோது ஜன்னலுக்கு வெளியே நீர் விசிறியடித்ததே தவிர, தரையிறங்கியது தார்ப்பாதையை விட மென்மையாகவே இருந்தது. பேருந்து நிறுத்தக் கூரையைப் போன்ற ஒரு சிறு கொட்டகையில் பெட்டிகளை அடுக்கி வைத்தார்கள். அனலைசர் பெட்டியை அங்கேயே திறந்து, ஈரம் புகவில்லை என்று உறுதி செய்துகொண்டு, மருத்துவமனை இருக்கும் காஸில்பே ஊருக்குப் புறப்பட்டேன்.

மருந்தை அளவாக உடலில் செலுத்தும் இன்ஃபியூஷன் பம்புகளும் கண்காணிப்புத் திரைகளும் அன்று மாலைக்குள் முடிந்தன. டிஃபிப்ரிலேட்டர்களில் ஒன்றை 200 ஜூல் ஆற்றலில் வைத்து அனலைசரில் செலுத்தியபோது அளவு சரியாகவே வந்தது. ஆனால் மின்கலத்தில் மட்டும் இயக்கி அதே சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்தால், சார்ஜ் ஏறும் நேரம் ஒவ்வொரு முறையும் நீண்டுகொண்டே போயிற்று. மின்கலத்துக்கு வயதாகிவிட்டது. மாற்று மின்கலமோ, காற்றினால் கப்பல் ரத்தானதால் ஓபனிலேயே இருந்தது. பெருநகர மருத்துவமனையாயிருந்தால் பக்கத்து வார்டிலிருந்து இன்னொரு கருவியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, இதை எடுத்துக்கொண்டு போயிருப்பேன். இங்கே நோயாளியின் நிலை மோசமானால் வானூர்தி ஆம்புலன்ஸ் வரும்வரை கையில் இருப்பதைக் கொண்டுதான் சமாளிக்க வேண்டும். அந்தக் கருவியைச் சுவர் மின்னிணைப்பிலேயே வைத்து, 'இடம் மாற்ற வேண்டாம்' என்று அட்டை தொங்கவிட்டு, நடமாடும் பயன்பாட்டுக்கு மற்றதை ஒதுக்கி, இரு பணிமுறைச் செவிலியர்களிடமும் நேரில் விளக்கிக் கையொப்பம் வாங்கினேன். மறுநாள் பிற்பகல் கப்பல் வந்தது. பெட்டியைப் பிரித்து மின்கலத்தை மாற்றி, பத்து முறை சோதித்த பிறகே அட்டையைக் கழற்றினேன். அடுத்த முறை மின்கலங்களைப் பத்து நாளாவது முன்னதாக அனுப்ப வேண்டும் என்று பணி அறிக்கையின் முதல் வரியிலேயே எழுதியிருக்கிறேன்.

திரும்ப வேண்டிய நாளில் கடல் வற்றியிருந்தது, மணல் தெளிவாக இருந்தது. மூடுபனி மட்டும் விலகவில்லை. விமானம் வராது என்று அறிவித்தார்கள். இரவில் இறங்க அங்கே நிரந்தர விளக்குகள் கிடையாது என்பதால், அன்றைய பகல் போனால் அன்றைய பயணமும் போயிற்று. கூடுதலாக ஓரிரவுக்கு நான் முன்பே அறை பதிவு செய்திருந்தேன். ஆனால் காத்திருப்புக் கூடத்தில் என்னருகே அமர்ந்திருந்த முதியவருக்கு, கிளாஸ்கோவில் கண் மருத்துவரைப் பார்க்க அன்று மாலை மூன்று மணிக்கு நேரம் குறித்திருந்தது. பல மாதங்கள் காத்திருந்து கிடைத்த நாள் அது என்றார். குறைபட்டுக்கொள்ளாமல், பையிலிருந்து மருத்துவமனைக் கடிதத்தை எடுத்து, எழுத்துகளைக் கண்ணருகே பிடித்துத் தொலைபேசி எண்ணைத் தேடினார். நான் எண்ணை வாசித்துச் சொல்ல, அவர் பேசினார். மறுநாளே கடைசி நோயாளியாகப் பார்ப்பதாகச் சொன்னார்களாம்.

மறுநாள் பனி விலகியது. அவரும் நானும் ஒரே விமானத்தில் கிளாஸ்கோ சேர்ந்தோம். இறங்கியதும் அவரை வாடகைக் கார் நிற்கும் இடம்வரை அழைத்துச் சென்று, ஓட்டுநரிடம் கடிதத்திலிருந்த முகவரியைக் காட்டினேன். அப்போது மணி இரண்டே கால்.