முதலில் சர்வர், பிறகு தடை

ஆன்லைன் விளையாட்டு நிறுவனங்கள் மோட் (ஒரு விளையாட்டை மாற்றியமைக்க மற்றவர்கள் உருவாக்கும் துணை நிரல்) பயன்படுத்தியவர்களின் கணக்குகளை மொத்தமாகத் தடை செய்யும் ஒவ்வொரு முறையும், கோலாலம்பூரில் எனக்குத் தெரிந்த இளைஞர்கள் இரண்டு கட்சிகளாகப் பிரிந்துவிடுகிறார்கள். ஒரு கட்சிக்கு மோட் என்றாலே ஏமாற்று வேலை. வைத்திருந்தவனுக்கு வேண்டியதுதான் கிடைத்தது. மறு கட்சியோ, காசு கொடுத்து வாங்கிய கைபேசியில் நான் எதை நிறுவினால் நிறுவனத்துக்கு என்ன என்று கேட்கிறது. அந்த மோட் எதைத் தொடுகிறது, அது தொடும்படியான இடத்தில் அதை வைத்தது யார் என்பதை மட்டும் இரு தரப்பும் பேசுவதில்லை. நண்பர்களுடன் சேர்ந்து மைன்கிராஃப்ட் என்ற, தோண்டியும் கட்டியும் ஆடும் விளையாட்டுக்கு ஒரு சிறிய சர்வரை நடத்துபவன் என்ற முறையில் தடை விதிக்கும் பொறுப்பும் எனக்கு உண்டு. எனவே இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

மோட் என்ற சொல்லையே இகழ்ச்சியாகப் பேசுவது மற்ற ஊர்களைவிட நம் ஊருக்குப் பொருந்தாது. பள்ளிச் சீருடையைக்கூட மாற்றாமல் சிசி எனப்படும் சைபர் கஃபேக்களில் உட்கார்ந்து நம் தலைமுறை ஆடிய கவுண்டர்-ஸ்டிரைக், 1999-இல் ஹாஃப்-லைஃப் விளையாட்டுக்கு ரசிகர்கள் உருவாக்கிய மோட்தான். அதை வால்வ் நிறுவனம் தனதாக்கிக்கொண்டு 2000-இல் கடைகளுக்குக் கொண்டுவந்தது. டோட்டாவும் அப்படியே, வார்கிராஃப்ட் 3-உடன் வந்த வரைபடக் கருவியைக் கொண்டு ரசிகர்கள் கட்டிய ஆட்டம். 2013-இல் சியாட்டலில் நடந்த அதன் வாரிசான டோட்டா 2-இன் உலகப் போட்டியில் மலேசியாவின் ஆரஞ்ச் அணி மூன்றாம் இடம் பிடித்ததும், 2018 நவம்பரில் புக்கிட் ஜாலில் அக்சியாட்டா அரங்கத்தில் அதே விளையாட்டின் கோலாலம்பூர் மேஜர் போட்டியின் இறுதிக்கட்டம் நடந்ததும், யாரோ சிலர் அடுத்தவருடைய விளையாட்டைப் பிரித்து மாற்றிக் கட்டியதன் பயன்தான்.

ஆனால் அதே மோட்கள் ஆட்டத்தைக் கெடுக்கவும் செய்யும் என்பதை மறுப்பதற்கில்லை. எப்படிக் கெடுக்கின்றன என்று பார்த்தால்தான் யார் மீது எவ்வளவு பழி என்று சொல்ல முடியும். சுவருக்குப் பின்னால் நிற்கும் எதிரியைக் காட்டும் மோட், இல்லாத ஒரு தகவலை மாயமாக வரவழைப்பதில்லை. எதிரி எங்கே நிற்கிறான் என்பதைச் சர்வர் ஏற்கெனவே நம் கணினிக்கு அனுப்பிவிட்டது. திரையில் வரையாமல் மறைத்து வைத்திருப்பது மட்டுமே விளையாட்டு செய்யும் வேலை, அந்த மறைப்பை விலக்குவது மட்டுமே மோட் செய்யும் வேலை. வார்கிராஃப்ட் 3 போன்ற பழைய வியூக ஆட்டங்களில் நிலைமை இன்னும் மோசம். அவற்றில் ஆடுபவர் ஒவ்வொருவரின் கணினியும் முழு ஆட்டத்தையும் தானே கணக்கிட்டு நடத்துவதால், வரைபடத்தில் தெரியும் இருள் வெறும் வண்ணப்பூச்சு. அதன் அடியில் எதிரியின் படை முழுவதும் நம் நினைவகத்திலேயே இருக்கும். சீட்டாட்டத்தில் எதிராளியின் சீட்டுகளையும் நம் முன்னால் கவிழ்த்து வைத்துவிட்டு, புரட்டிப் பார்க்காதே என்று சொல்வதைப் போன்றது இது. புரட்டியவன் குற்றவாளிதான், ஆனால் சீட்டை அங்கே வைத்தவர் தமது பங்கைப் பற்றிப் பேசாமலே இருப்பது எனக்கு உறுத்துகிறது.

நிறுவனங்கள் இதைச் சோம்பலால் மட்டும் செய்யவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். எதிரி கண்ணில் படும் அந்தக் கணத்தில்தான் அவன் இருக்குமிடத்தை அனுப்புவது என்று சர்வர் காத்திருந்தால், இணையத் தாமதத்தால் அவன் வெற்றிடத்திலிருந்து குதித்தவன் போலத் திரையில் தோன்றுவான், நாம் காணும் முன்பே சுட்டும்விடுவான். இங்கிருந்து சிங்கப்பூர் சர்வருக்கு வீட்டு ஃபைபர் இணைப்பில் அந்தத் தாமதம் சிறிதுதான். எல்ஆர்டி ரயிலில் உட்கார்ந்து கைபேசி டேட்டாவில் ஆடுபவருக்கு அப்படியல்ல. ஆகவே கொஞ்சம் முன்கூட்டியே அனுப்பத்தான் வேண்டும். எவ்வளவு முன்கூட்டி என்பதில்தான் பொறியியல் திறமை இருக்கிறது. 2020-இல் வெளிவந்த வாலரன்ட் விளையாட்டில், எதிரி பார்வைக்கு வரும் தறுவாய் வரை அவனுடைய இருப்பிடத்தைச் சர்வர் தன்னிடமே வைத்துக்கொள்ளும் முறையை ரயட் நிறுவனம் அமைத்தது. வால்ஹேக், அதாவது சுவருக்குப் பின்னால் இருப்பவரைக் காட்டும் மோட், நிறுவியவருக்கு அதனால் கிடைக்கும் பயன் பெருமளவு சுருங்கியது. அதே நிறுவனம், கணினி தொடங்கும்போதே இயங்குதளத்தின் அடித்தளத்தில் ஏறி அமரும் வான்கார்டு என்ற காவல் மென்பொருளையும் சேர்த்தே திணித்தது என்பது வேறு கதை. வீட்டுக் கணக்கு வழக்குகளும் பிள்ளைகளின் விளையாட்டும் ஒரே கணினியில் நடக்கும் குடும்பங்கள் அதைப் பற்றி ஒரு முறைக்கு இரு முறை யோசிப்பது நல்லது.

எங்கள் மைன்கிராஃப்ட் சர்வரில் நேர்ந்ததும் இதுவே. பாறைகளை ஊடுருவி வைரம் எங்கே புதைந்திருக்கிறது என்று காட்டும் எக்ஸ்ரே மோட்களைச் சிலர் பயன்படுத்தினார்கள். சுரங்கத்தில் நேராகத் தோண்டிக்கொண்டே போனவன் திடீரென்று இடப்பக்கம் திரும்பிச் சரியாக வைரத்தில் போய் முட்டுவான். பதிவுகளைப் பார்த்தால் யாருக்கும் புரியும். ஒவ்வொருவரையும் தடை செய்வதும், அவர்கள் வேறு கணக்கோடு திரும்பி வருவதும், மற்றவர்கள் ஒருவரையொருவர் சந்தேகிப்பதும் வழக்கமாகிப் போனது. பேப்பர் என்ற இலவச சர்வர் மென்பொருளில் இதற்கு ஒரு வசதி இருக்கிறது: ஒருவர் கண்ணுக்கு எட்டாத தாதுக்களைச் சாதாரணக் கல் என்று சொல்லி அனுப்பலாம், அல்லது எங்கு பார்த்தாலும் போலித் தாதுக்கள் தெரியும்படி நிரப்பி அனுப்பலாம். இரண்டாவது முறை சர்வருக்குக் கூடுதல் சுமைதான். ஆனால் எக்ஸ்ரே வைத்திருப்பவருக்கு உலகம் முழுவதும் வைரமாகத் தெரிந்து ஒன்றும் பயனில்லாமல் போய்விடும். அதைப் போட்ட பிறகு எக்ஸ்ரே சண்டை ஏறக்குறைய ஓய்ந்துவிட்டது.

தோற்றத்தை மட்டும் மாற்றும் ஸ்கின் மோட்கள் தனியாகப் பேச வேண்டிய விஷயம். என் அக்கா மகன் ஒரு கைபேசி விளையாட்டில், காசு கொடுத்து வாங்க வேண்டிய உடைகளை இலவசமாகக் காட்டும் செயலி ஒன்றை நிறுவியதற்காகத் தன் கணக்கை இழந்தான். “என் திரையில மட்டும்தான் மாமா தெரியும், வேற யாருக்கும் தெரியாது, இதுல யாரை நான் ஏமாத்தினேன்?” என்று அவன் கேட்டதற்கு, ஆட்ட நியாயத்தின் பெயரால் பதில் சொல்ல என்னால் முடியவில்லை, ஏனென்றால் அந்தத் தடை ஆட்ட நியாயத்துக்கானது அன்று, வியாபாரத்துக்கானது. வியாபாரத்தைக் காத்துக்கொள்ள நிறுவனத்துக்கு உரிமை உண்டு. எதிரியின் தலையைச் சுவர் வழியாகப் பார்த்துச் சுட்டவனுக்கும் இவனுக்கும் ஒரே தண்டனை என்பதைத்தான் ஏற்க முடியவில்லை. (அந்தச் செயலி விளையாட்டுக் கணக்கின் கடவுச்சொல்லையும் கேட்டது என்று பிறகு சொன்னான். தடை வந்ததே ஒரு விதத்தில் நல்லது என்று அக்கா முடிவு கட்டிவிட்டார்.)

அதே சமயம், தோற்றம்தானே என்று எல்லாவற்றையும் விட்டுவிடவும் இயலாது. பழைய கவுண்டர்-ஸ்டிரைக்கில் எதிரியின் உருவக் கோப்பை மாற்றி, உடலிலிருந்து நீண்ட முட்கள் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே தெரியும்படி செய்து வைத்தவர்கள் இருந்தார்கள். பெயருக்கு அதுவும் ஸ்கின்தான். ஆடுபவரிடம் உள்ள உருவக் கோப்புகள் மூலத்தோடு ஒத்திருக்கின்றனவா என்று சர்வரே சரிபார்த்து, ஒத்துப்போகாதவரை உள்ளே விடாமல் திருப்பி அனுப்பும் ஏற்பாடு அந்த விளையாட்டில் இருந்தது. திருப்பி அனுப்பியதோடு சரி. கோப்பைச் சரிசெய்துகொண்டு மறுபடி வரலாம். இன்று பப்ஜி மொபைல் விதிக்கும் பத்தாண்டுத் தடையோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். பதினான்கு வயதுப் பையனுக்கு அந்தத் தடை தீரும்போது இருபத்து நான்கு வயதாகியிருக்கும். அப்போது அந்த விளையாட்டே இருக்குமோ என்னவோ.

தண்டனையின் அளவைவிடவும் என்னை அதிகம் தொந்தரவு செய்வது, காரணம் சொல்லாத வழக்கம். கண்டுபிடித்த உடனே தடை செய்யாமல் வாரக்கணக்கில் காத்திருந்து மொத்தமாகத் தடை செய்வதில் நியாயம் இருக்கிறது, ஏனெனில் உடனுக்குடன் தடை செய்தால் எந்த வரி நிரல் மாட்டிக்கொண்டது என்று ஹேக் எனும் ஏமாற்று மென்பொருளைத் தயாரிப்பவருக்குத் தெரிந்துவிடும். ஆனால் தடைக்குப் பிறகும், முறையிட்டவருக்கு ஒரே அச்சடித்த பதிலை அனுப்பிக்கொண்டிருப்பது, இயந்திரம் தவறே செய்யாது என்று நம்பச் சொல்வதாகும். இயந்திரம் தவறு செய்திருக்கிறது. 2010 ஜூலையில் மாடர்ன் வார்ஃபேர் 2 ஆடிய ஏறத்தாழ 12,000 பேரை வால்வ் தவறாகத் தடை செய்தது. வட்டில் இருந்த கோப்பை வால்வின் விளையாட்டுத் தளமான ஸ்டீம் புதுப்பித்துக்கொண்டிருந்தபோது நினைவகத்தில் பழைய பிரதி ஓடிக்கொண்டிருந்ததால், இரண்டும் ஒத்துப்போகவில்லை என்பதுதான் அந்த மக்கள் செய்த குற்றம். தடையை நீக்கி, மன்னிப்புக் கேட்டு, ஆளுக்கொரு விளையாட்டையும் நிறுவனம் பரிசாகக் கொடுத்தது. 2023 அக்டோபரில் சில்லு நிறுவனமான ஏஎம்டி தன் கிராஃபிக்ஸ் மென்பொருளில் சேர்த்த ஆன்ட்டி-லேக் பிளஸ் வசதி, கவுண்டர்-ஸ்டிரைக் 2-இன் நிரலுக்குள் குறுக்கிட்டதால், அதை இயக்கியவர்கள் ஹேக் வைத்திருப்பவர்களாகக் கருதப்பட்டுத் தடை பெற்றார்கள். ஏஎம்டி அந்தப் பதிப்பைத் திரும்பப் பெற்றது, தடைகளும் நீக்கப்பட்டன. இந்த இரண்டிலும் பாதிக்கப்பட்டோர் கூட்டம் பெரியது என்பதால் குரல் எடுபட்டது. தனியாக ஒருவர் மாட்டிக்கொண்டால் யார் கேட்பார்கள்?

காரணத்தைச் சொன்னால் பாதுகாப்பு கெட்டுவிடும் என்ற வாதமும் முழுக்க நிற்காது. 2023 பிப்ரவரியில் வால்வ் டோட்டா 2-இல் 40,000-க்கும் மேற்பட்ட கணக்குகளைத் தடை செய்தபோது, சாதாரணமாக ஆடும் எவருடைய விளையாட்டும் ஒருபோதும் படிக்காத ஒரு பகுதியை வேண்டுமென்றே உள்ளே வைத்ததாகவும், ஹேக் மட்டுமே அதைத் தொடும் என்பதால் தொட்டவர்களைத் தடை செய்ததாகவும் வெளிப்படையாகவே அறிவித்தது. அந்த அறிவிப்பைப் படித்த எவருக்கும், தடை பெற்றவர் அப்பாவியாக இருக்கலாமோ என்ற ஐயம் எழாது. எல்லாத் தடையையும் இப்படி விளக்க முடியாதுதான், ஆனால் விளக்க முடிந்ததையாவது விளக்கலாம்.

எங்கள் சர்வரில் இப்போது அனுமதிக்கப்பட்ட மோட்களின் பட்டியலை நுழைவாயிலிலேயே எழுதி வைத்திருக்கிறோம். ஆட்டத்தின் வேகம் கூட்டும் சோடியம் என்ற மோட் தாராளமாக வரலாம். திரை ஓரத்தில் சிறு வரைபடம் காட்டும் ஸேரோவின் மினிமேப் மோட்டில் மற்றவர்களின் இருப்பிடத்தைக் காட்டாத நியாயப் பதிப்பு மட்டும் வரலாம். தடை செய்யப்பட்டவருக்கு எந்தப் பதிவைப் பார்த்துத் தடை செய்தோம் என்பதை அனுப்புகிறோம்; அவர் பேசிய பிறகு, முடிவெடுத்தவரல்லாத இன்னொருவர் அதை மறுபடி பார்க்கிறார். அண்மையில், உடலை ஓரிடத்தில் நிறுத்திவிட்டுப் பார்வையை மட்டும் பறக்கவிடும் ஃப்ரீகேம் மோட் வேண்டும் என்று கட்டடம் கட்டுபவர்கள் கேட்டார்கள். அழகாகக் கட்ட அது உண்மையிலேயே உதவும், ஆனால் அடுத்தவர் நிலத்தடியில் ஒளித்து வைத்த பெட்டியையும் அது காட்டிவிடும். சர்வர் பக்கத்தில் அதை முழுமையாக அடைக்க எங்களுக்கு வழி தெரியவில்லை. கட்டுமானத்துக்கென்று உள்ள உலகத்தில் அனுமதித்து, பொருள் சேர்த்துப் பிழைக்க வேண்டிய உலகத்தில் மறுத்திருக்கிறோம். கட்டுபவர்களில் இருவருக்கு இந்த முடிவில் இன்னமும் உடன்பாடு இல்லை.