கப்பலில் ஒரு செமஸ்டர்: இந்தியப் பாஸ்போர்ட்டோடு போகிறவர்களுக்கு

செமஸ்டர் அட் சீ என்பது கப்பலில் நாடு நாடாகப் போய்க்கொண்டே ஒரு செமஸ்டர் படிக்கும் அமெரிக்கத் திட்டம். அதில் போக ஆசைப்படும் நம் பிள்ளைகள் என்னிடம் கேட்பதெல்லாம் கடல் ஒத்துக்கொள்ளுமா, சாப்பாடு எப்படி என்பதுதான். அதெல்லாம் சமாளித்துக்கொள்ளலாம். என்னைப் படாதபாடு படுத்தியது விசா. கூட வந்தவர்களில் பெரும்பாலானோரிடம் அமெரிக்கப் பாஸ்போர்ட். பாதித் துறைமுகங்களில் அவர்களுக்கு விசாவே தேவையில்லை. நமக்கு அப்படி இல்லை.

விண்ணப்பம், பாடத் தேர்வு, கிரெடிட்டை அமெரிக்காவில் நான் படிக்கும் பல்கலைக்கழகத்துக்கு மாற்றுவது எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன. 1963-லிருந்து நடந்துவரும் திட்டம் இது. 2016-லிருந்து கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகம்தான் கல்விப் பொறுப்பில் இருக்கிறது. அதனால் மதிப்பெண் விஷயத்தில் யாரும் எதுவும் கேட்கவில்லை.

எங்களுடையது ஜனவரியில் பாங்காக்கில் ஏறி, ஆப்பிரிக்காவைச் சுற்றி, ஏப்ரலில் ஐரோப்பாவில் இறங்கும் பயணம். தாய்லாந்து, மலேசியா, மொரீஷியஸ் மூன்றுக்கும் அப்போது நமக்கு விசா தேவைப்படவில்லை. ஹாங்காங்குக்கு ஆன்லைனில் முன்பதிவு செய்தால் போதும். வியட்நாமுக்கு இ-விசா. அந்தப் படிவத்தில் எந்த வழியாக நுழைகிறீர்கள் என்று ஒரு கட்டம் வரும். பழக்கத்தில் விமான நிலையத்தைத் தேர்ந்தெடுத்துவிடாதீர்கள், துறைமுகத்தின் பெயரைத் தேடிப் போடுங்கள். அமெரிக்க விசா வைத்திருந்ததால் மொராக்கோவுக்கும் இ-விசா கிடைத்தது. மீதி மூன்று: தென்னாப்பிரிக்கா, கானா, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன். மூன்றும் அப்போது பாஸ்போர்ட்டில் ஒட்டித் தந்தவை. ஓரிடத்தில் பாஸ்போர்ட் மாட்டிக்கொண்டால் அடுத்த இடத்தில் விண்ணப்பிக்க முடியாது. இருப்பதோ ஒரே பாஸ்போர்ட்.

தென்னாப்பிரிக்க விசா வந்துவிட்டது. கானாவில்தான் அடி. நேரமில்லை என்று ஒரு விசா ஏஜென்டிடம் கொடுத்திருந்தேன். கப்பல் தேமா துறைமுகத்துக்கு மார்ச்சில்தான் போகும் என்று தேதியோடு எழுதியே கொடுத்தேன். "சிங்கிள் என்ட்ரி போதுமா?" என்று போனில் கேட்டதற்கு, "தாராளமாகப் போதும், ஒருமுறைதானே இறங்குகிறீர்கள்" என்றார்கள். நவம்பரில் பாஸ்போர்ட் திரும்பி வந்தது. பிரித்துப் பார்த்தால், விசா ஒட்டிய நாளிலிருந்து 3 மாதம்தான் செல்லும். கப்பல் போய்ச் சேரும்போது அது காலாவதியாகியிருக்கும். கானாவின் சிங்கிள் என்ட்ரி விசாவுக்கு அதுதான் விதி, வெளிப்படையாக எழுதியும் வைத்திருக்கிறார்கள். இதையே தொழிலாகச் செய்கிறவர்களுக்குத் தெரியாதா? மறுபடி போன் செய்தால், "மல்டிபிள் என்ட்ரிக்குப் புதிதாக விண்ணப்பியுங்கள், கட்டணம் தனி" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

இங்கே ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். விசா இரண்டு வகை. ஒட்டிய நாளிலிருந்தே நாள் ஓடத் தொடங்குவது ஒன்று. நாம் கேட்கும் தேதிக்குத் தருவது இன்னொன்று. ஷெங்கன் இரண்டாம் வகை. பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், ஏப்ரலில் இறங்குவதற்கு ஏப்ரல் தேதி போட்டே தருவார்கள். ஆகவே தேதிக்குத் தருவதை முதலில் வாங்குங்கள், உடனே ஓடத் தொடங்குவதைக் கடைசியில் வாங்குங்கள். துறைமுகம் வரும் வரிசையைப் பார்த்து விசா வாங்கினால் மாட்டிக்கொள்வீர்கள்.

அடுத்தது ஷெங்கன் விசா மையம். இரவு பஸ்ஸில் வேறு நகரத்துக்குப் போய், காலை முதல் ஸ்லாட்டுக்கு நின்றேன். கவுண்டரில் இருந்த பெண் ஒரு பட்டியலை வைத்து டிக் அடித்துக்கொண்டே வந்தார். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு, இருந்தது. வங்கிக் கணக்கு, இருந்தது. ஓட்டல் புக்கிங்?

"கப்பலில்தான் தங்குவேன்" என்றேன்.

"கப்பல் சரி. ஓட்டல் புக்கிங் எங்கே?"

திட்டத்தின் கடிதத்தை நீட்டினேன். அதைப் படித்தவர் முகம் மாறிவிட்டது. "இது உங்கள் கடிதமே இல்லையே. இதில் வேறு யாரோ பெயர் இருக்கிறது."

விஷயம் இதுதான். நம்மில் பலரைப் போல எனக்கும் பாஸ்போர்ட்டில் ஒரே பெயர். அப்பா பெயர் இனிஷியலாகக்கூட இல்லை, குடும்பப் பெயர்க் கட்டம் காலி. இப்படி இருந்தால் அமெரிக்க விசாவில் நம் பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டு, முதல் பெயர் இருக்கும் இடத்தில் எஃப்.என்.யூ. என்று அச்சடித்துவிடுவார்கள். முதல் பெயர் தெரியாது என்று அர்த்தம். அதுவே பல்கலைக்கழகப் பதிவேட்டுக்குப் போய், அங்கிருந்து கப்பல் கடிதத்துக்கும் போய்விட்டது. அமெரிக்க விசாவைத் திறந்து காட்டி, அதிலும் இப்படித்தான் இருக்கிறது என்றேன். "நான் பாஸ்போர்ட்டைத்தான் பார்ப்பேன்" என்றார். மேலதிகாரியைப் பார்க்க முடியுமா என்றதற்கு, அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார். ஸ்லாட் போனது, பஸ் காசு போனது, அந்த வாரத் தேர்வுக்குப் படிக்க வேண்டிய நேரமும் போனது.

அதற்கப்புறம் செய்ததை அப்படியே சொல்கிறேன், யாருக்காவது உதவும். எங்கள் பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் ஒரு கடிதம் வாங்கினேன்: எஃப்.என்.யூ. என்பது முதல் பெயர் இல்லாததைக் குறிக்கும், இரண்டு பெயரும் ஒரே ஆளுடையவை, பாஸ்போர்ட் எண் இது என்று கையெழுத்தும் முத்திரையும் போட்டு. கப்பல் கடிதத்தைப் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரிலேயே மாற்றி வாங்கினேன். அதில் கேபின் படுக்கை, ஒவ்வொரு துறைமுகத்திலும் கப்பல் நிற்கும் தேதிகள் எல்லாம் இருக்கும்படி கேட்டுக்கொண்டேன். பயணம் முடிந்து இறங்கும் ராத்திரிக்கு மட்டும், ரத்து செய்யக்கூடிய ஓட்டல் அறை ஒன்றைப் போட்டுக்கொண்டேன். டிசம்பரில் ஒரு ஸ்லாட் கிடைத்தது. கவுண்டரில் வேறொருவர். இரண்டு கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார், தலையாட்டினார், கைரேகை எடுத்தார். அவ்வளவுதான்.

ஷெங்கன் விசா வந்த அன்றே கானாவுக்கு அவசரக் கட்டணத்தில், கூடுதல் நாள் செல்லும் மல்டிபிள் என்ட்ரி விசாவுக்கு விண்ணப்பம் போனது, ஏஜென்ட் இல்லாமல் நானே அனுப்பினேன். விமானம் ஏறுவதற்கு முந்தைய வாரக் கடைசியில் கூரியர்காரர் பாஸ்போர்ட்டைக் கையில் கொடுத்தபோது அவரைக் கட்டிப்பிடிக்கலாம் போல இருந்தது. ஏஜென்டுக்கு விதியை மேற்கோள் காட்டி, போனில் பேசிய தேதியையும் போட்டு மெயில் அனுப்பினேன். விசாக் கட்டணம் வராது என்றாலும் அவர்களுடைய சர்வீஸ் சார்ஜ் முழுவதும் திரும்பி வந்தது. விடாமல் கேளுங்கள்.

மஞ்சள் காய்ச்சல் ஊசியை மறந்துவிடாதீர்கள். ஊசி போட்டதற்குத் தரும் மஞ்சள் அட்டை கானாவில் கட்டாயம். ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் அது செல்லும். அட்டையில் பெயர் எழுதும்போது பாஸ்போர்ட்டைத் திறந்து வைத்து எழுதச் சொல்லுங்கள்.

கப்பல் வாழ்க்கை பற்றிக் கொஞ்சம். கடலில் இருக்கும் நாட்களில் பெரும்பாலும் வகுப்பு உண்டு, ஞாயிறும் சேர்த்து. துறைமுகத்தில் வகுப்பு இல்லை. ஆனால் ஒவ்வொரு பாடத்துக்கும் ஏதாவது ஒரு துறைமுகத்தில் ஒரு நாள் முழுக்கக் களப் படிப்பு இருக்கிறது. அந்தத் தேதியைப் பார்க்காமல் ஊர் சுற்ற டிக்கெட் போடாதீர்கள். மேற்கே போவதால் அவ்வப்போது இரவில் கடிகாரம் பின்னுக்குப் போகும், தூக்கம் கூடுதலாகக் கிடைக்கும். தென்னாப்பிரிக்காவை நெருங்கும்போது அலை பலமாக இருக்கும். வகுப்பில் புத்தகம் மேசையில் நிற்காது, கப்பலின் நடுப்பகுதியில் கீழ்த்தளத்தில் இருந்தால் ஆட்டம் குறைவு. கப்பல் கிளம்புவதற்கு 2 மணி நேரம் முன்பே உள்ளே இருக்க வேண்டும். ஹோ சி மின் நகர நெரிசலில் மாட்டி என் அறைத் தோழன் தாமதமாக வந்தான். அடுத்த துறைமுகத்தில் எல்லோரும் இறங்கிப் போன பிறகும் அவன் பல மணி நேரம் கப்பலிலேயே உட்கார்ந்திருந்தான். அதில் யாருக்கும் சலுகை கிடையாது.

கொச்சியில் மட்டும் எல்லாம் தலைகீழ். மற்றவர்களெல்லாம் இந்திய விசாத் தாளோடு, கைரேகைக்கும் முத்திரைக்கும் காலையிலிருந்து வரிசையில் நின்றார்கள். என் பாஸ்போர்ட்டைப் பார்த்த குடியேற்ற அதிகாரி, "கோயம்புத்தூரா?" என்று தமிழிலேயே கேட்டு முத்திரை குத்தினார். அத்தனை மாதமும் கவுண்டர் கவுண்டராக அலைய வைத்த அதே பாஸ்போர்ட். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

அம்மாவும் சித்தப்பாவும் விடியற்காலை ரயிலேறி வந்து வில்லிங்டன் தீவில் துறைமுக வாசலில் நின்றிருந்தார்கள். பாஸ் இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள். வீட்டில் செய்த பலகாரத்தையும் கப்பலுக்குள் கொண்டுபோகக் கூடாது. "இத்தனையும் சுட்டுக் கொண்டாந்தனே கண்ணு, உள்ள உடமாட்டாங்களா?" என்று அம்மா தூக்குப்போசியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சித்தப்பாதான் வழி சொன்னார். இறங்கி வந்த பிள்ளைகளை அங்கேயே நிறுத்தி, தேன்குழலையும் எள்ளுருண்டையையும் கை கையாகக் கொடுத்தோம். போசி காலியானது. உங்கள் வீட்டில் யாராவது பார்க்க வருவதாக இருந்தால் எர்ணாகுளத்திலேயே ஓரிடம் சொல்லி இருக்கச் சொல்லுங்கள். நாம் எந்நேரம் வெளியே வருவோம் என்று நமக்கே தெரியாது, வெயிலில் பெரியவர்கள் நிற்க வேண்டாம்.

கடைசியாக ஒன்று. எஃப்-1 என்ற அமெரிக்க மாணவர் விசாவில் படிப்பவர்கள் கிளம்புமுன், பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவத்தில் பயணக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள், அது ஒரு வருடம் செல்லும். வெளியே இருக்கும் செமஸ்டரிலும் உங்கள் பல்கலைக்கழகத்தில் பதிவு தொடர்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எஃப்-1 விசா ஸ்டிக்கர் பயணத்தின் நடுவில் காலாவதியாகிறதா என்றும் பாருங்கள், ஐரோப்பாவில் இறங்கி நின்றுகொண்டு அதைப் புதுப்பிக்க அலைய முடியாது. என்னிடம் மூன்றும் சரியாக இருந்தன. திரும்பி வந்தபோது விமான நிலைய அதிகாரி ஐ-20-ஐப் புரட்டி, கையெழுத்தைப் பார்த்து, வேறெதுவும் கேட்காமல் அனுப்பிவிட்டார்.