பதினோராம் முறை வெளியாகும் முதல் நூல்

நேற்று இரவு பதினொரு மணிக்கு, அமேசானின் மின்னூல் தளமான கிண்டிலில் என் முதல் நூலைப் பதினோராம் முறையாக வெளியிட்டேன். பதினொரு பதிப்பு கண்ட நூல் என்று யாரேனும் எண்ணிக்கொண்டால் அதை மறுக்கும் அளவுக்கு நான் நேர்மையானவன் அல்லன் என்றாலும், கணக்குப் பக்கம் இதுவரை விற்றதாகக் காட்டுவது நான்கே படிகள்தாம். அவற்றுள் ஒன்றை நானே வாங்கினேன். மற்றொன்றைப் பெரியவள் வாங்கினாள். மூன்றாவதை விரல் தவறிப்பட்டு வாங்கிவிட்ட மச்சான், அந்த 49 ரூபாயைப் பற்றி என்னைப் பார்க்கும்போதெல்லாம் பேசுகிறார். நான்காமவர் யாரென்று தெரியவில்லை. எங்கிருந்தாலும் அவர் நன்றாக இருக்க வேண்டும்.

அரசனில்லாத கோட்டை, தண்ணீரில்லாத ஆறு, மரமில்லாத மலை, சாமியில்லாத கோயில் என்று எங்கள் வேலூரைக் கேலி பேசுவார்கள். சத்துவாச்சாரியில் காத்திருந்த அந்தக் கோயில் சாமி ஜலகண்டேசுவரர் 1981-இல் கோட்டைக்குள் திரும்பிவிட்டதால் அந்தப் பட்டியலில் ஓரிடம் காலியாகவே இருந்தது. அதே சத்துவாச்சாரியில் குடியிருக்கும் நான், வாசகனில்லாத நூல் ஒன்றை எழுதி அந்தக் குறையைத் தீர்த்து வைத்திருக்கிறேன்.

கையால் எழுதிய பதினான்கு கட்டுரைகளையும் தட்டச்சு செய்யக் கொடுத்ததில் தொடங்கியது வினை. கடைத் தம்பி பழைய பழக்கத்தில், ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் வடிவத்தைப் போர்த்திக் காட்டும் பாமினி எழுத்துருவில் அடித்துக் கொடுத்துவிட்டார். அவருடைய கணினியில் அழகிய தமிழாகத் தெரிந்த நூல், கிண்டிலில் ஏற்றியதும் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகச் சிதறிக் கிடந்தது. 'அம்மா' என்று நான் உருகி எழுதிய இடமெல்லாம் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று நின்றதைப் பார்த்தபோது, என் இலக்கிய வாழ்வு தொடங்கும் முன்பே முடிந்துவிட்டதாக நினைத்தேன். பிறகு சின்னவள் அதை, எந்தக் கருவியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடுக்கு மாற்றிக் கொடுத்தாள். மாறும்போது சில கொம்புகள் மட்டும் தத்தம் எழுத்தை விட்டு இறங்கித் தனியே நின்றுகொண்டன; அவற்றைப் பிடித்துக் கட்டுவதற்கு மூன்று வாரம் ஆயிற்று.

அடுத்தது ஆசிரியர் குறிப்பு. நான் பிறந்தது வட ஆற்காடு மாவட்டம். திருவண்ணாமலை பிரிந்துபோன 1989-க்குப் பிறகு நான் வேலைக்குச் சேர்ந்தது வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம். ஓய்வு பெற்றது வேலூர் மாவட்டம். பிறந்த ஊராகிய காவேரிப்பாக்கமோ 2019 முதல் ராணிப்பேட்டை மாவட்டம். படிப்பவருக்கு நான் ஒரு பெரும் நாடோடியாகத் தோன்றக்கூடும். உண்மையில் மாவட்டங்கள்தாம் இடம் மாறின. நான் அப்படியே இருந்தேன். போதாக்குறைக்கு, அமேசானின் வரிப் படிவம் ஒன்றில் நான் அமெரிக்கக் குடிமகன் அல்லன் என்று உறுதிமொழியும் தர வேண்டியிருந்தது. குடியாத்தத்துக்குப் போய்வரவே நாள் பார்க்கும் மனிதனிடம் கேட்கிற கேள்வியா இது?

விற்பனையில் 70 விழுக்காடு வேண்டுமானால், 90 நாள்களுக்கு மின்னூலை வேறெங்கும் தருவதில்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த 90 நாள்களில் ஐந்து நாள் இலவசமாகக் கொடுக்கலாம். இந்தச் செய்தி எப்படியோ உறவினர்களுக்கு எட்டிவிட்டது. ஆடித் தள்ளுபடிக்குக் காத்திருப்பதைப் போல அனைவரும் காத்திருந்து, அந்த ஐந்து நாளில் 63 பேர் இறக்கிக்கொண்டார்கள். அவர்களில் யாராவது திறந்து பார்த்ததற்கு எனக்குச் சான்று கிடைக்கவில்லை. 'அச்சுப் புத்தகம் எப்போது வரும்?' என்று மட்டும் எல்லோரும் கேட்கிறார்கள். அதையும் இலவசமாகவே கேட்கிறார்கள்.

உண்மையில் படித்தவர் ஒருவரே. சின்னவள் தன் டேப்லெட்டில் எழுத்தை முடிந்த அளவு பெரிதாக்கி அம்மாவின் கையில் கொடுத்தாள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட அம்மா, ஒரு திரைக்கு இருபது சொல் வீதம், வாய்விட்டு, மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு மணி நேரம் படிக்கிறார். முதல் நாள் அட்டையைத் தாண்டவில்லை.

"நம்ம ஏரிக்கரையில தென்னமரம் எங்கடா கீது? பனைதான?"

அட்டையை மாற்றினேன். மறுவாரம் கிணற்றுக்கு வந்தார். நான் ஏற்றம் இறைத்ததாக எழுதியிருந்தேன். அந்தக் கிணற்றில் இறைத்தது மாடு கட்டி இழுக்கும் கவலை என்றும், மாடு பின்னால் நடந்து வரும்போது நீர் முகக்கும் சால் இறங்கும் அழகைப் பார்த்தவன் இப்படி எழுத மாட்டான் என்றும் சொல்லிவிட்டார். அதையும் மாற்றினேன். இப்படியே செவலை மாட்டின் நிறம், பெரியப்பாவின் இரண்டாம் மாமனாருடைய ஊர், அந்த வருடம் செத்த ஆட்டின் எண்ணிக்கை என்று ஒவ்வொன்றாகத் திருத்தினேன்.

ஒவ்வொரு திருத்தத்தையும் ஏற்றிய பிறகு, அது பரிசீலனை முடிந்து வெளிவர 72 மணி நேரம் வரை ஆகலாம். அதுவரை அடுத்ததைத் தொட முடியாது. ஆகவே அம்மா சொல்பவற்றை நாள்காட்டித் தாளின் பின்புறத்தில் எழுதி வரிசையாகக் குத்தி வைத்திருக்கிறேன். முன்பே வாங்கியவரிடம் இருக்கும் படியும் தானாக மாறிவிடுவதில்லை. அந்த நான்காமவர் இன்னமும் தென்னை மரங்களை நம்பிக்கொண்டிருக்கிறாரே என்பது என் தூக்கத்தைக் கெடுக்கிறது.

நேற்று மதியம், அப்பாவைப் பற்றிய கட்டுரைக்கு வந்தார். கோடைக்கால மாலைகளில் ஓச்சேரி அரிசி மில்லிலிருந்து அப்பா வருவதை, தெருமுனையில் அவருடைய சைக்கிள் மணி ஒலிக்கும்போதே கண்டுகொண்டு ஓடுவேன் என்று ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தேன். நூலிலேயே நல்ல இடம் அதுதான் என்பது என் எண்ணம். அம்மா கண்ணாடியைக் கழற்றினார்.

"சைக்கிளா? அந்த வெயில் காலம் பூரா சைக்கிளு அடகுல இல்ல இருந்துச்சு. ஓச்சேரில இருந்து நடந்துதான வந்தாரு. புள்ளைக்குத் தெரிய வேணான்னாரு."

"அப்போ மணிச் சத்தம்?"

"அது ஐஸ்காரன்டா."

இரவு எல்லோரும் உறங்கிய பின் அந்த ஒன்றரைப் பக்கத்தையும் நீக்கிவிட்டு, 'அப்பா நடந்து வந்தார்' என்று ஒரு வரி சேர்த்துப் பதிவேற்றினேன். காலையில் காப்பி குடிக்கும்போது, "மாத்திட்டியா?" என்று அம்மா கேட்டார். மாற்றிவிட்டேன் என்றேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு டேப்லெட்டைத் தேடினார். அவர் இருப்பது ஆறாவது கட்டுரையில். இன்னும் எட்டு இருக்கின்றன.