அடாப்டிவ் ஆப்டிக்ஸ் பெஞ்சில் லூப்பை மூடிய கதை

காற்றின் கலக்கத்தால் மங்கும் வானப் படத்தை, வளையும் ஆடியால் உடனுக்குடன் திருத்துவதுதான் அடாப்டிவ் ஆப்டிக்ஸ். அந்தக் கருவியைத் தொலைநோக்கியிலேயே பொருத்திப் பார்த்துவிட்டால் என்ன, எதற்கு ஆய்வகம் என்று பலர் கேட்பார்கள். வானத்தில் படம் மங்கினால் குற்றம் காற்றிலா, நம் கருவியிலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. பெரிய தொலைநோக்கியில் ஓர் இரவு கிடைப்பதும் லேசில்லை. சிலி நாட்டின் பரானல் மலையில் இருக்கும் 8.2 மீட்டர் விஎல்டி தொலைநோக்கி ஒன்றின் வளையும் இரண்டாம் ஆடியைக்கூட, அதைப் பின்னாலிருந்து தள்ளி இழுத்து வளைக்கும் 1170 ஆக்சுவேட்டர்களோடு முதலில் ஜெர்மனியின் கார்ஷிங்கில்தான் சோதித்தார்கள்.

முனைவர் பட்டத்துக்காக நான் வேலை செய்த பெஞ்ச், அதாவது சோதனை மேஜை, அதன் முன் ரொம்பச் சின்னது. ஃபைபர் முனையில் வரும் லேசர் ஒளிதான் நட்சத்திரம். நுண்ணிய மேடுபள்ளங்கள் கொண்ட சுழலும் கண்ணாடித் தட்டுதான் வளிமண்டலம். 8 மீட்டர் ஆடியை 10 மில்லிமீட்டர் ஒளிக்கற்றையாகச் சுருக்கினால் காற்றின் கலக்கமும் அதே விகிதத்தில் சுருங்க வேண்டும். ஒளியலை அதிகம் சிதையாமல் இருக்கும் திட்டின் அகலத்தை ஃப்ரீட் அளவு என்பார்கள். நல்ல மலையுச்சியில் சுமார் 15 சென்டிமீட்டர் இருக்கும் அது, மேஜையில் 0.2 மில்லிமீட்டருக்கும் கீழே போய்விடும்.

அடுத்தது அளவுத்திருத்தம். ஒவ்வொரு ஆக்சுவேட்டரையும் கொஞ்சம் தள்ளி, அப்புறம் இழுத்து, ஷாக்-ஹார்ட்மன் சென்சாரில் புள்ளிகள் எவ்வளவு நகர்கின்றன என்று பதிய வேண்டும். அந்தச் சென்சாரில் வரிசையாகக் குட்டி லென்ஸ்கள் இருக்கும்; ஒவ்வொன்றும் ஓர் ஒளிப்புள்ளியை விழவைக்கும், ஒளியலை சாய்ந்தால் புள்ளி நகரும். பொறுமையைச் சோதிக்கும் வேலை. மேஜை மேல் குனிந்தாலே உடம்புச் சூட்டில் புள்ளிகள் ஆடும். ஏசியை நிறுத்திவிட்டு, பெஞ்சை மூடி, ஆளில்லாத நேரத்தில் ஓடவிட்டோம்.

சென்சார் அளப்பதை வைத்து ஆடி தானே தொடர்ந்து திருத்திக்கொள்ளும்படி லூப்பை மூடியதும், சென்சார் எல்லாம் சரி என்றது. பிழை கிட்டத்தட்ட இல்லை. ஆனால் படம் எடுக்கும் கேமராவில் நடுப்புள்ளியைச் சுற்றிச் சதுரமாக நான்கு மங்கலான புள்ளிகள்! இதற்கு வாஃபிள் என்று பெயர். ஆக்சுவேட்டர்கள் சதுரங்கக் கட்டம் போல ஒன்றுவிட்டு ஒன்று ஏறி இறங்கி நிற்கும். எங்கள் அமைப்பில் ஒவ்வொரு குட்டி லென்ஸின் நான்கு மூலைக்கும் ஓர் ஆக்சுவேட்டர். மூலைவிட்டமாக இரண்டு ஏறி, மற்ற இரண்டும் இறங்கினால் சராசரிச் சாய்வு பூஜ்யம். சென்சாரின் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. சென்சார் அளவுகளிலிருந்து ஆடிக்கான கட்டளைகளைக் கணக்கிடும் அணியிலிருந்து (மேட்ரிக்ஸ்) அந்த வடிவத்தை நீக்கி, பழைய கட்டளைகள் மெல்ல வடியும்படி கட்டுப்பாட்டை மாற்றினோம். நான்கு புள்ளிகளும் மறைந்தன.

சென்சாருக்கும் கேமராவுக்கும் ஒளி பிரிந்த பிறகு கேமரா வழியில் மட்டும் சேரும் பிழையையும் சென்சார் பார்க்காது. அதைக் கேமராப் படத்திலிருந்தே கணித்து, சென்சாரின் பூஜ்யப் புள்ளியை அதற்கேற்ப நகர்த்தினோம்.

அதற்குப் பிறகுதான், படம் எவ்வளவு கூர்மை என்று சொல்லும் ஸ்ட்ரெல் விகிதத்தை நம்பி எழுத முடிந்தது. தட்டை வேகமாகச் சுழலவிட்டால் அந்த விகிதம் சரியும். சென்சார் படமெடுத்துக் கணக்கு முடிப்பதற்குள் ‘காற்று’ நகர்ந்துவிடுகிறது. கெயினை, அதாவது ஒவ்வொரு முறையும் எவ்வளவு திருத்துவது என்ற அளவை, கூட்டிச் சமாளிக்கலாம் என்று பார்த்தால் ஓர் எல்லைக்கு மேல் ஆடியே அதிர ஆரம்பித்தது. வேகமான கேமரா கேட்டு விண்ணப்பம் போட்டிருக்கிறோம்.